12 வயதுக்குட்பட்டோர் டீம் தேர்வும் கமிட்டிச் சண்டையும்: மன்றம் உடையாமல் காப்பாற்ற என்ன வழி?

நடுக்களம்

எங்கள் இளைஞர் மன்றத்தில் 8 வயதுக்குட்பட்டோர் முதல் 16 வயதுக்குட்பட்டோர் வரை கால்பந்து டீம்கள் இருக்கின்றன. போன பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. மைதானம் பிடிப்பது, ஜெர்ஸி எண்ணி வைப்பது, லீக் நடத்துபவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் எனக்குப் பிடித்த வேலைதான். தூக்கத்தைக் கெடுப்பது வேறு விஷயம்.

12 வயதுக்குட்பட்டோரில் ஏ, பி என்று இரண்டு டீம். ஏ டீமின் கோச் எங்கள் தலைவருக்கு நெடுநாள் நண்பர். கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேரின் பிள்ளைகள் அந்த டீமில் இருக்கிறார்கள். மூவரும் எல்லா ஆட்டத்திலும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை ஆடுகிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தரத்தில் ஆடும் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டம் முடியப் போகும் நேரத்தில்தான் உள்ளே போகிறார்கள்.

பி டீமுக்கு நிரந்தர கோச்சே கிடையாது. அன்றைக்கு யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் விசிலை எடுத்துக்கொள்வார். பயிற்சி நாளில் கோல்போஸ்ட் உள்ள பாதி ஏ டீமுக்கு. பி டீம் ஓரத்தில் கோன் வைத்து ஆடுகிறது.

பி டீம் பெற்றோர் தனியாக வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார்கள். பிரிந்து போய்ப் புது மன்றம் தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. தலைவரிடம் சொன்னால், "போகிறவர்கள் போகட்டும்" என்கிறார். பொதுக்குழு நெருங்குகிறது. யாரையும் அவமானப்படுத்தாமல், அதே சமயம் பூசி மெழுகாமல், என்ன தீர்மானம் கொண்டுவரலாம்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய விசில்

தம்பி, நான் பல வருடம் நடுவராக இருந்தவன், கமிட்டியிலும் இருந்தவன். நீங்கள் சொல்வது புதிய கதை இல்லை. கோச்சுக்கும் தலைவருக்கும் நட்பு இருப்பது குற்றமில்லை. கமிட்டிக்காரர் பிள்ளை ஆடுவதும் குற்றமில்லை. பெரும்பாலான மன்றங்களில் பெற்றோர்தான் கோச், பெற்றோர்தான் பொருளாளர், பெற்றோர்தான் நெட் கட்டுகிறவர். அவர்களை விலக்கினால் மன்றத்தில் ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், டீமை எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாத இடத்தில் முகத்தாட்சண்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோச் நேர்மையானவராகவே இருக்கட்டும். செயலாளர் பிள்ளையையும் தெரியாத ஒருவரின் பிள்ளையையும் ஒரே தட்டில் நிறுத்த அவரால் முடிந்தாலும், பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பிக்கை போன பிறகு சரியான முடிவுக்கும் மதிப்பு இல்லை.

உலகத்தின் மிகப் பழைய கால்பந்து கிளப் ஷெஃபீல்ட் எஃப்சி. 1857-ல் ஆரம்பித்தார்கள். 1858-லேயே விதிகளை எழுதிவிட்டார்கள். பந்தைச் சுற்றி ஓடுகிற மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அதனால் என் யோசனை: இந்த கோச்சைப் பற்றி, அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பொதுக்குழுவில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அடுத்த சீசனுக்கான ஆட்ட நேர விதியையும் தேர்வு விதியையும் கொண்டுவாருங்கள். ஆளைப் பற்றிப் பேசினால் ஓட்டு ஆளுக்கு விழும். விதியைப் பற்றிப் பேசினால் விதிக்கு விழும்.

பி டீம் அம்மா

நான் வேறொரு மன்றத்துக்காரி, ஆனால் படிக்கப் படிக்க எங்கள் கதை மாதிரியே இருந்தது. என் மகன் பி டீம்.

பெரியவர்கள் நினைக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் புரியாது என்று. எல்லாம் புரிகிறது. பெஞ்சில் இருக்கும் பையனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது ஷின் கார்டைச் சரி செய்து, லேஸை இறுக்கிக் கட்டி, கோச் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். இடைவேளைக்குப் பிறகு லேஸ் அவிழ்ந்திருந்தாலும் கட்ட மாட்டான். கடைசி நாலு நிமிடத்தில் "உள்ளே போ" என்றால் உடம்பு சூடாகவே இல்லாமல் ஓடுவான், முதல் பந்தைத் தவற விடுவான். "பார்த்தீர்களா, இவனை எப்படி நம்பி இறக்குவது" என்று ஓரத்தில் ஒரு அப்பா சொல்வார். அது அவன் காதில் விழும்.

என்னைக் கேட்டால், பி டீமுக்கு ஒரு நல்ல கோச் வருவது தேர்வு விதியைவிட முக்கியம். நன்றாக ஆடுகிறவன் எப்படியும் கற்றுக்கொள்வான். பந்தை நிறுத்தத் தெரியாத பிள்ளைக்குத்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் மன்றத்தில் அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் ஏ டீமைச் சுற்றியே நிற்கிறார்கள்.

சந்தா மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கோச் 14

நான் 14 வயதுக்குட்பட்டோர் ஏ டீம் கோச். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

எல்லாருக்கும் சம நேரம் என்று சொல்வது எளிது. மழையானாலும் வெயிலானாலும் பயிற்சிக்கு வருகிறான் ஒருவன். நினைத்தபோது வருகிறான் இன்னொருவன். இரண்டு பேருக்கும் ஒரே நேரம் கொடுத்தால் முதல் பையனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவனும் குழந்தைதான். நியாயம் அவனுக்கும் வேண்டும்.

அப்புறம், போட்டி என்பதே கெட்ட வார்த்தை ஆகிவிட்ட மாதிரி பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஜெயிக்கப் பிடிக்கும். யாரும் சொல்லாமலே தெருவில் ஸ்கோர் எண்ணுவார்கள். தன் தரத்துக்கு ஏற்ற டீமில், ஏற்ற எதிரணியோடு ஆடும்போதுதான் ஒருவன் வளர்கிறான். ஏ, பி என்று பிரிப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். பிரித்த பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

கமிட்டி உறுப்பினர் ஆட்டத்துக்கு முந்தின இரவு எனக்கு போன் செய்து, "நாளைக்கு என் பையன் எந்த பொசிஷன்?" என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாகத்தான் கேட்டார், மிரட்டவில்லை. ஆனாலும் அடுத்த நாள் டீம் ஷீட் எழுதும்போது அந்தக் குரல் காதிலேயே இருக்கும். கோச்சுகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். அதையும் உங்கள் தீர்மானத்தில் சேருங்கள்.

பழைய விசில்

கோச் 14 சொல்வதில் நியாயம் இருக்கிறது, வயதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் பதில்.

12 வயது வரைக்கும் எந்த நாடு என்ன செய்கிறது என்று பாருங்கள். நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கு என்றே தனி விதிகள் இருக்கின்றன. 11 வயதாகும் ஆண்டுக்கு முன்னால் புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் வெளியிடக்கூடாது. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து சின்ன வயதுப் பிரிவுகளில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று சிறு ஆட்டங்களைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் பல வருடங்களாக 8 வயது வரை ஐந்து பேர், 10 வயது வரை ஏழு பேர், 12 வயது வரை ஒன்பது பேர் என்று போனார்கள். மைதானத்தில் ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து அதிகம் படும், ஒளிந்து நிற்க இடம் இருக்காது. இந்த நாடுகள் எல்லாம் உலகக் கோப்பைக்கு ஆள் தயார் செய்கிற நாடுகள்தான். போட்டி வேண்டாம் என்று அவர்கள் நினைக்கவில்லை, எந்த வயதில் எவ்வளவு என்று யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பல கோச்சுகளுக்குத் தெரியாது. ஆட்ட விதிகளை வகுக்கும் இஃபாப், இளையோர் ஆட்டத்தில் வெளியே வந்த வீரர் மறுபடி உள்ளே போகலாம் என்று அனுமதிக்கிறது; அந்தந்த நாட்டுக் கால்பந்து சங்கம் ஒப்புக்கொண்டால் போதும். உங்கள் லீகில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "மாற்றிவிட்டால் அவனைத் திரும்ப இறக்க முடியாதே" என்ற சாக்கு போய்விடும்.

பொருளாளர் மேசை

கணக்குப் போட்டுப் பார்த்தால் சண்டை பாதி அடங்கும்.

ஒன்பது பேர் ஆட்டம், 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 540 ஆட்டக்கார நிமிடங்கள். டீமில் 14 பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 38 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். கோல்கீப்பர் முழு நேரமும் நின்றால் மீதி 13 பேருக்கு ஏறக்குறைய 37 நிமிடம். அதாவது சமமாகப் பிரித்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் பாதிக்கு மேல் ஆடுகிறது. "குறைந்தபட்சம் பாதி ஆட்டம்" என்று விதி வைத்தால் கோச்சின் கையில் இன்னும் நிறைய இடம் மிச்சம் இருக்கும். பயிற்சிக்குத் தவறாமல் வருகிறவனுக்கு அந்த மிச்ச நிமிடங்களைக் கொடுக்கலாம். கோச் 14 கேட்ட நியாயம் அதிலேயே அடங்கிவிடுகிறது.

எங்கள் மன்றத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். இடது பக்கம் பெயர்கள், வலது பக்கம் ஐந்து ஐந்து நிமிடமாக 12 கட்டங்கள். ஆடுகிற பிள்ளைக்கு நேரே கோடு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் போடுவார். எந்தக் கோச்சுக்கும் அதற்கு நேரம் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாள் செயலாளருக்குப் போகும். முதல் மாதம் கோச்சுகள் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பெற்றோர் ஒருவர் "என் பிள்ளையை இறக்குவதே இல்லை" என்று வந்தால், தாளை எடுத்துக் காட்டலாம். பல முறை கோச் சொன்னதுதான் சரியாக இருந்தது. சில முறை பெற்றோர் சொன்னது.

வலைக்கு முன்னால்

அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் பேசுகிறீர்கள், ஆடியவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எனக்கு இப்போது 19 வயது. 10 வயதில் பி டீம், 15-ல் ஏ டீம் கோல்கீப்பர்.

நான் பிறந்தது டிசம்பர் கடைசியில். எங்கள் வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்கும். என்னோடு ஆடிய ஜனவரிப் பையன்கள் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவர்கள். 10 வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி. உயரம், ஓட்டம், தைரியம் எல்லாவற்றிலும் தெரியும். தேர்வு நாளில் கோச் பார்ப்பது திறமை என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பாதி பிறந்த மாதத்தைத்தான் பார்க்கிறார். இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இருப்பது நாடு நாடாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனித் தேசிய இளையோர் அணி வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் ஹாரி கேன் ஜூலை 28-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குவதால் அவர் வகுப்பில் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். சின்ன வயதில் ஆர்சனல் கிளப் ஒரே சீசனில் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவ்வளவு பெரிய அகாடமிக்கே அந்த வயதில் கணிக்க முடியவில்லை. ஒரு மாலை நேரத் தேர்வில் 10 வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை எழுத யாராலும் முடியாது.

அதனால் ஏ, பி இருந்தாலும் சீசன் நடுவில் மாறும் வழி வேண்டும். நான் தங்கியதற்குக் காரணம் ஒரு கோச். அவர் பி டீம் பயிற்சிக்கும் வந்து நின்று, "பந்து வரும் முன்னாலே காலை நகர்த்து" என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்.

பி டீம் அம்மா

தம்பி, நீ எழுதியதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். அவனும் நவம்பர்.

கோச் 14

பொருளாளர் சொன்ன பாதி ஆட்டக் கணக்கை ஏற்கிறேன். 12 வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம். 14, 16-ல் பாதி என்பது லீக் ஆட்டத்துக்குச் சரி. நாக் அவுட் ஆட்டத்தில் கோச்சுக்குச் சுதந்திரம் வேண்டும், அதைச் சீசன் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு பற்றி: எங்களிடம் பெயர் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. ஜெர்ஸி மேல் போடும் பிப்பில் எண் இருக்கும். மூன்று பேர் பார்ப்பார்கள், மூவரும் அந்த வயதுப் பிரிவில் பிள்ளை இல்லாதவர்கள். சிறு ஆட்டங்களாக ஆட விடுவோம், கோன் சுற்றி ஓட விட மாட்டோம். ஆளைத் தெரியாமலா போகும் என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் மூன்று தாள்களும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒருவர் தன் இஷ்டத்துக்குச் சாய்க்க முடியாது. கோச்சின் சொந்தப் பிள்ளையைப் பற்றி கோச் கருத்துச் சொல்லக்கூடாது. இது என் மகளுக்கும் பொருந்தும், பொருத்தியிருக்கிறேன்.

ஓரக்கோடு

பெண்கள் டீம் பற்றி யாரும் பேசவில்லையே. மன்ற அரசியல் முதலில் வெளிப்படும் இடம் மைதான நேர அட்டவணைதான். எங்கள் 13 வயதுக்குட்பட்ட பெண்கள் டீமுக்கு எப்போதும் கடைசி நேரம், வெளிச்சம் போகப் போகிற நேரம். கேட்டால், "ஆண்கள் டீம்தான் முதலில் இருந்தது" என்பார்கள். முதலில் இருந்தது என்றால் என்ன காரணத்தால்? இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26 அன்று டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. ஆட்களும் ஆர்வமும் இருந்தன, மைதானம்தான் பிடுங்கப்பட்டது.

நடுக்களம், உங்கள் தீர்மானத்தில் மைதான நேரத்தையும் சுழற்சி முறையில் மாற்றும்படி எழுதுங்கள். நல்ல நேரமும் கோல்போஸ்ட் உள்ள பாதியும் மாதாமாதம் கை மாறட்டும். பணமே செலவில்லாத சீர்திருத்தம் இது. அதனால்தான் யார் எதிர்க்கிறார்கள் என்பதும் நன்றாகத் தெரியும்.

நடுக்களம்

ஓரக்கோடு அக்கா, அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம். தலைவர் நீண்ட காலமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். மன்றத்துக்காக உழைத்தவர், சொந்தக் காசைப் போட்டவர். அவர் இல்லாவிட்டால் மன்றமே இல்லை என்று நினைப்பவர்கள் பலர். அவரை எதிர்க்கிறேன் என்ற தோற்றம் வந்தால் தீர்மானம் தோற்றுவிடும்.

பழைய விசில்

அவர் உழைப்பை முதலில் மேடையில் சொல்லுங்கள், மனதார. உண்மைதானே அது. பிறகு, பதவிக்காலம் பற்றிய விதியை அவருக்கு எதிராக என்று கொண்டுவராமல் அடுத்த தேர்தலிலிருந்து எல்லாப் பதவிக்கும் என்று கொண்டுவாருங்கள். ஃபிஃபாவே 2016 சீர்திருத்தத்தில் தலைவருக்கு அதிகபட்சம் 12 ஆண்டு என்று வரம்பு வைத்தது. அங்கே ஊழல் விவகாரம் வெடித்த பிறகுதான் அதை வைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நம்மைப் போன்ற சிறு மன்றத்துக்கு அதில் பாதி போதும்.

பிரிந்து போகிற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நடுவராக இருந்த காலத்தில் ஒரு மன்றம் இதே காரணத்துக்காக இரண்டாக உடைந்ததைப் பார்த்தேன். அடுத்த சீசனில் இரண்டு பக்கமும் ஆள் போதாமல், ஒன்பது பேர் ஆட்டத்துக்கு ஏழு பேரோடு வந்து நின்றார்கள். வயதுப் பிரிவுக்குத் தனித்தனி கோச் கிடைக்கவில்லை. மைதானத்துக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள், மூன்றாவது ஆளுக்குப் போனது. பிள்ளைகள் பாதிப் பேர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். இதைப் பி டீம் பெற்றோரிடமும் சொல்லுங்கள், தலைவரிடமும் சொல்லுங்கள். "போகிறவர்கள் போகட்டும்" என்பவருக்கு, போனால் 14 வயதுப் பிரிவில் அடுத்த வருடம் யாரை வைத்து டீம் போடுவார் என்று பெயர்ப் பட்டியலோடு காட்டுங்கள். இன்றைய பி டீம்தான் இரண்டு வருடம் கழித்து அவருடைய பெஞ்ச்.

பொருளாளர் மேசை

பதிவேடு விஷயம் ஒன்று விட்டுப்போனது. தலைவர் காசு போட்டவர் என்றால் இது அவர் காதிலும் ஏறும்.

ஒரு வீரர் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரராகி நாடு விட்டு நாடு பெரிய தொகைக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஒவ்வொரு சீசனுக்கும் கால் சதவீதம், 16 முதல் 23 வரை அரை சதவீதம். 2022 முதல் ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் என்ற பணப் பட்டுவாடா அமைப்பு வழியாக இந்தப் பணம் போகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எந்த சீசனில் எந்த மன்றத்தில் முறையாகப் பதிவாகியிருந்தது என்ற ஆவணம் இருந்தால்தான் கிடைக்கும். இது லாட்டரி மாதிரி, யாரும் இதை நம்பி மன்றம் நடத்த முடியாது. நான் சொல்ல வருவது, கால்பந்து சங்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் ஏ, பி பார்க்காமல் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். பல மன்றங்கள் பி டீம் பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதி வைக்கின்றன. காயம் பட்டாலும் வயதுச் சர்ச்சை வந்தாலும் அந்த நோட்டுப் புத்தகம் உதவாது.

பணத்துக்கு: வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, சொந்தக்காரர்கள் இருவராக இல்லாமல். தலைவர் போட்ட காசு கடனா நன்கொடையா என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்ட நன்கொடை பிற்காலத்தில் உரிமையாக மாறும்.

வலைக்கு முன்னால்

பெற்றோர் நடத்தைக்கும் ஒரு வரி. ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் கோச்சிடம் தேர்வு பற்றிப் பேசக்கூடாது என்று பல மன்றங்களில் விதி இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் அப்படியே. கோபம் அடங்கிய பிறகு பேசினால் பேச்சு பேச்சாக இருக்கும். அப்புறம், ஓரத்திலிருந்து "ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். கோச் ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், பந்து காலுக்கு வரும்போது எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்ற நாட்கள் எனக்கு நிறைய.

கோச் 14

இதோடு, கமிட்டி உறுப்பினர் தன் பிள்ளையைப் பற்றி கோச்சை நேரடியாக அணுகக்கூடாது என்பதையும் எழுதுங்கள். மற்றப் பெற்றோர் எந்த வழியில் வருகிறார்களோ அதே வழியில் அவரும் வரட்டும். அந்த வயதுப் பிரிவின் கோச்சை நியமிக்கும் ஓட்டில் அவர் கை தூக்கக்கூடாது.

நடுக்களம்

பொதுக்குழு நேற்று முடிந்தது. சொல்லிவிடுகிறேன்.

தலைவரை முன்கூட்டியே தனியாகப் பார்த்தேன். பழைய விசில் அண்ணன் சொன்னபடி 14 வயதுப் பிரிவின் அடுத்த வருடப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் போனேன். பி டீம் பெயர்களைக் கோடு போட்டு அடித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோச் யாரையும் மாற்ற மாட்டேன், விதி கொண்டுவந்தால் எதிர்க்க மாட்டேன்" என்றார். அது போதும் என்று வந்துவிட்டேன்.

12 வயது வரை லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம், நேரத் தாள் கட்டாயம் என்பது பெரும்பான்மையோடு நிறைவேறியது. எண் போட்ட பிப், மூன்று பார்வையாளர், சீசன் நடுவில் ஒரு மறு ஆய்வு என்பதும் நிறைவேறியது. மைதானச் சுழற்சிக்கு எதிர்ப்பு வந்தது, எதிர்பார்த்த இடத்திலிருந்தே வந்தது. 10 வயதுக்குட்பட்டோர் பெற்றோர்கள் எழுந்து ஆதரித்ததால் தப்பியது. கமிட்டி உறுப்பினர் தன் பிள்ளையின் பிரிவில் ஓட்டுப் போடக்கூடாது என்பது தோற்றது, மூன்று ஓட்டு வித்தியாசம். பதவிக்கால வரம்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பி டீம் பெற்றோரில் இரண்டு குடும்பம் ஏற்கனவே விலகிவிட்டது. மற்றவர்கள் ஒரு சீசன் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பி டீமுக்கு நிரந்தர கோச்சாக இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் முன்பு இதே மன்றத்தில் ஆடியவர். அனுபவம் கிடையாது. எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

பழைய விசில்

மூன்று ஓட்டில் தோற்றது அடுத்த கூட்டத்தில் ஜெயிக்கும், திரும்பக் கொண்டுவாருங்கள்.

புது கோச்சுகளுக்கு: முதலில் உங்கள் நாட்டுச் சங்கத்தின் அடிப்படைப் பயிற்சியாளர் வகுப்பு, குழந்தைப் பாதுகாப்பு வகுப்பு இரண்டிலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மன்றம் கட்டணம் கட்டட்டும். ஒரு பெரியவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது என்பதால் இருவரும் சேர்ந்தே பயிற்சிக்கு வரட்டும். வார்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ கிட்ஸ் என்ற பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, 7 முதல் 13 வயதுக்கானது. நாலு நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அனுபவமில்லாதவர்களும் பார்த்துச் செய்யலாம். மீதி நேரம் மூன்றுக்கு மூன்று, நாலுக்கு நாலு ஆட விடுங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கோச் 14

முதல் மாதம் ஏ டீம் கோச் வாரம் ஒரு நாள் பி டீம் பயிற்சிக்கும் வரட்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தலைவரின் நண்பர்தானே, தலைவர் சொன்னால் மறுக்க மாட்டார்.

நடுக்களம்

கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை வருகிறார். அன்றைக்குக் கோல்போஸ்ட் உள்ள பாதி பி டீமுக்கு.